199 வைத்தால் வருவதில்லை, 999 வைத்தால் சேருவதில்லை

பெரம்பூர் வாசகியின் கேள்வி
24 ஜூன் 2025, மதியம் 2.10

முதுகுவலி, சர்க்கரை இருக்கிற பெண்களுக்காக ஆன்லைனில் ஒரு காலை யோகா குழு நடத்துகிறேன். வாரம் ஐந்து நாள் ஜூம் வகுப்பு, வாட்ஸ்அப்பில் சாப்பாட்டுக் குறிப்பு, மாதம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து பேசுவது. போன வருடம் மாதம் 999 வைத்தேன், 11 பேர் சேர்ந்தார்கள். இந்த வருடம் 199 ஆக்கினேன், 74 பேர் சேர்ந்தார்கள். காலையில் திரையில் இருப்பது 9 பேர். விலையைக் குறைத்தால் ஈடுபாடு போய்விடுகிறது. ஏற்றினால், யாருக்காக ஆரம்பித்தேனோ அவர்களால் வர முடியவில்லை. எங்கேதான் நிறுத்துவது? காசு வலித்தால்தான் ஆள் வருவார் என்பது என் கட்சி. தப்பென்றால் சொல்லுங்கள்.

24 ஜூன், இரவு 9.40

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து வருடமாக நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நங்கநல்லூரில் வீட்டு ஹாலில் பாயை விரித்து, போனை மர ஸ்டூலில் சாய்த்து வைத்து 2020 ஏப்ரலில் ஆரம்பித்தவள் நான். எங்கள் பகுதி மனவளக்கலை மன்றத்தில் கற்றுக்கொண்ட உடற்பயிற்சிதான் கைமுதல். அப்போது இலவசம். ஊரடங்கில் எல்லோரும் வீட்டில், 62 பெயர் சேர்ந்தது. காசு கட்டாத ஜூமில் 40 நிமிடம்தான். சவாசனத்தில் எல்லோரும் மல்லாந்து கிடக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். பாதிப் பேர் அப்படியே தூங்கிப்போவார்கள், அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். ஆகஸ்டில் எட்டுப் பேர் மிச்சம். ஓசி என்பதால்தான் போய்விட்டார்கள் என்று முடிவு கட்டி, 2021 ஜனவரியில் 500 ரூபாய் ஆக்கினேன். 23 பேர் சேர்ந்து 16 பேர் ஒழுங்காக வந்தார்கள். காசுதான் மருந்து என்று குதித்தேன்.

இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. 2020 ஆகஸ்டில் ஆள் குறைந்தது இலவசத்தாலா, அலுவலகங்கள் திறந்ததாலா? அன்றைக்கு அதை யாரிடமும் கேட்கவே இல்லை.

இன்னொன்று. யோகா தினம் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. இந்த வாரம் சேருகிறவர்களை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஜூன் 21க்கும் ஜனவரி 1க்கும் சேருகிற கூட்டம் தனி ரகம்.

25 ஜூன், காலை 7.05

படுத்த பிறகு உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை தெரிந்தது. 999க்குச் சேர்ந்த 11 பேரில் எத்தனை பேர் தினமும் வந்தார்கள்? இப்போது வருகிற ஒன்பது பேரில் பழைய ஆட்கள் எத்தனை?

25 ஜூன், இரவு 10.20

பதில் வந்துவிட்டது. பழைய 11இல் பத்துப் பேர் வந்தார்களாம். இப்போதைய ஒன்பதில் ஏழு பேர் அதே ஆட்கள். அப்படியானால் 800 ரூபாய் தள்ளுபடி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். எந்த விலைக்கும் வரக்கூடிய அந்த ஏழு பேருக்கு. திரைக்கே வராத அறுபத்தைந்து பேர் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வராமல் நிற்கிறார்கள்.

ஆனால் வரவைப் பாருங்கள்: 999 × 11 = 10,989. 199 × 74 = 14,726. கூடித்தான் இருக்கிறது, அழுதுகொண்டே எண்ணியிருக்கிறீர்கள்! அடுத்த மாதமும் அந்த 74 பேர் கட்டினால் அல்லவா என்கிறீர்கள். அது சரி.

27 ஜூன்

மகள் பொருளாதாரம் படிக்கிறாள். நான் இங்கே எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்கெல்லாம் ஆராய்ச்சியே இருக்கு" என்று ஒரு கட்டுரையை அனுப்பினாள். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இருவர் 2006இல் வெளியிட்டது. அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டுகிறவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுகிறது. பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும்.

70 டாலர் அவர்களுக்கும் சும்மா வருகிற காசு இல்லை. கட்டியும் போகவில்லை. சேருகிற அன்றைக்கு எல்லோரும் தினமும் எழுந்துவிடுவதாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். என் வீட்டிலும் ஒரு ட்ரெட்மில் இருக்கிறது. 38,000 ரூபாய். மூன்று வருடமாக ஈரத்துண்டு காய்கிறது. வாங்கியவர் யார் என்று சொன்னால் இன்றைக்கு இரவுச் சாப்பாடு கிடையாது.

2 ஜூலை

வேளச்சேரி சார் ஒருவர், "ஒரு வருடத்துக்கு மொத்தமாக வாங்கிவிடுங்கள், போட்ட காசுக்காகவாவது வருவார்கள்" என்கிறார். பட்டவள் சொல்கிறேன், வேண்டாம்.

2022 ஜனவரியில் ஆண்டுச் சந்தா 4,000 என்று அறிவித்தேன். 31 பேர் கட்டினார்கள். ஒரே மாதத்தில் லட்சத்துக்கு மேல். என் கணக்கில் அவ்வளவு பணத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நல்ல கேமரா, ஸ்டாண்டு, வட்ட விளக்கு எல்லாம் வாங்கினேன். ஜனவரி முழுக்கத் திரை நிரம்பி வழிந்தது. பிப்ரவரியில் இருபது. மே மாதத்தில் ஆறு. பணம் செலவாகிவிட்டது, வகுப்பை நிறுத்தவும் முடியாது. டிசம்பர் வரை அந்த ஆறு பேருக்காகத் தினமும் 5.30க்கு நான்தான் எழுந்தேன்.

இதற்கும் மகள் ஒன்று வைத்திருக்கிறாள். கூர்வில், சோமன் என்ற இருவர் 1998இல் எழுதியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டுகிற கூடத்தில், கட்டிய கையோடு கூட்டம் அதிகமாக இருக்கிறது, பிறகு மாதாமாதம் தேய்கிறது, அடுத்த தவணை கட்டியதும் மறுபடி ஏறுகிறது. கொடுத்த காசு நாளாக நாளாக மறந்துபோகிறது. மாதாமாதம் கட்டுகிறவனுக்கு மாதாமாதம் ஞாபகம் வருகிறது.

நம் ஊரில் ஆட்டோபே, அதாவது மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கிற ஏற்பாடு, வைத்தால் இன்னும் வேடிக்கை. ரிசர்வ் வங்கி விதிப்படி பணத்தை எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே "நாளை உங்கள் கணக்கிலிருந்து 300 ரூபாய் கழிக்கப்படும்" என்று தகவல் போக வேண்டும். மறந்துபோய்க் கட்டிக்கொண்டே இருக்கிற ஆளை நம்பிப் பிழைப்பது இங்கே கொஞ்சம் கஷ்டம். போன மாதம் நான்கே நாள் வந்தவள் அந்தச் செய்தியைப் பார்த்த நிமிடமே ரத்து செய்துவிடுவாள். எனக்கு அது பிடித்திருக்கிறது. யார் மனதால் எப்போதோ போய்விட்டார்கள் என்று ஒரு நாள் முன்னதாகவே தெரிந்துவிடும்.

3 ஜூலை

பழைய நோட்டைப் புரட்டினேன். ஆண்டுச் சந்தா கட்டியது 31 பேர் இல்லை, 27. மொத்தம் 1,08,000. நான்கு பேர் கட்டுகிறேன் என்று சொல்லிக் கட்டவே இல்லை. அவர்களையும் சேர்த்தே இத்தனை நாள் வருத்தப்பட்டிருக்கிறேன்.

11 ஜூலை

முன்பணம் வாங்கிப் பார்த்ததுண்டா என்று கேட்டிருந்தீர்கள். 2023 ஜூனில் செய்தது. மாதம் 300 கட்டணம், கூடவே 600 முன்பணம். வராத ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய் கழியும், மிச்சம் மாதக் கடைசியில் திரும்பிவிடும். முதல் வாரம் ஒருத்தர் பாக்கி இல்லாமல் எல்லோரும் ஆஜர். நெஞ்சு நிமிர்ந்தது.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை 5.20க்கு ஒரு செய்தி: "அக்கா, இன்னைக்கு 20 ரூபா எடுத்துக்குங்க, நான் தூங்குறேன்." அடுத்த நாள் அதே மாதிரி மூன்று. மாதக் கடைசியில் அது தூக்கத்துக்கான கட்டணமாகவே ஆகிவிட்டது. அதற்கு முன்னால் வராதவர்கள் "ஸாரிக்கா, மாமியாருக்கு உடம்பு சரியில்லை" என்று ஏதாவது சொல்வார்கள். பொய்யாகவே இருக்கட்டும், ஒரு கூச்சம் இருந்தது. 20 ரூபாய் அதைத் துடைத்துவிட்டது. செப்டம்பரில் முன்பணத்தை எடுத்துவிட்டேன். கூச்சம் திரும்பி வரவில்லை.

இஸ்ரேலில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் இதே கதை நடந்திருக்கிறது. பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வருகிற பெற்றோருக்குச் சிலவற்றில் 10 ஷெக்கல் அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறியது. அபராதத்தை எடுத்த பிறகும் பழையபடி இறங்கவில்லை. நீசி, ருஸ்டிகினி என்ற இருவர் 2000இல் வெளியிட்டது. 2023இல் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள், இல்லையென்றால் அப்போதே தடுத்திருப்பாள்.

12 ஜூலை

வேளச்சேரி சார் விடுவதாக இல்லை. "20 ரூபாய் சின்னத் தொகை, 200 வைத்துப் பாருங்கள்." சார், பிலிப்பைன்ஸில் சிகரெட்டை விட நினைத்தவர்களிடம் ஒரு வங்கி அந்த மாதிரி கேட்டுப் பார்த்தது. ஆறு மாதம் பணம் போடுங்கள், கடைசியில் சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால் பணம் உங்களுக்கு, தேறாவிட்டால் தர்மத்துக்கு. பலன் இருக்கத்தான் செய்தது. ஆனால் நூற்றுக்கு 11 பேர்தான் ஒப்புக்கொண்டார்கள். என் பேட்டையில் 200 என்றால் அந்த 11 பேர்கூட வர மாட்டார்கள்.

28 ஜூலை

இதை எழுதத் தயக்கமாக இருந்தது. நம் இரண்டு பேர் கட்சிக்கும் அடியில் இருந்த செங்கல்லை இது உருவிவிடுகிறது.

"சும்மா கொடுத்தால் மதிக்க மாட்டார்கள்" என்று எல்லோரும் சொல்கிறோம். கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். கோஹன், டூப்பா என்ற இருவர், 2010. சில மருத்துவ நிலையங்களில் இலவசம், சிலவற்றில் சின்ன விலை. அப்புறம் வீட்டுக்குப் போய் வலை கட்டியிருக்கிறார்களா என்று பார்த்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் அதிகம் பயன்படுத்தினார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஆனால் இலவசத்திலிருந்து 60 அமெரிக்க சென்ட்டுக்கு ஏற்றியதும், வாங்குகிறவர்கள் நூற்றுக்கு அறுபது பேர் குறைந்துவிட்டார்கள்.

கொசுவலையும் காலை யோகாவும் ஒன்றா? இல்லை. வலையைக் கட்டிவிட்டால் அது பாட்டுக்குத் தொங்கும், நாம் தூங்கினால் போதும். இங்கே தூங்காமல் இருப்பதுதான் வேலையே. ஆனாலும் "ஓசியென்றால் மதிப்பில்லை" என்பதை இனிமேல் சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

திருமுடிவாக்கத்தில் விபாசனா தியான மையம் இருக்கிறது. பத்து நாள் தங்கல், சாப்பாடு, எல்லாம் இலவசம். ஒரு முகாமாவது முடித்தவர்களிடம்தான் நன்கொடையே வாங்குவார்கள். போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பத்தாம் நாள் காலை வரை பேசக் கூடாது, விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். அங்கே விலை ரூபாயில் இல்லை. என் தம்பி போய்விட்டு வந்து ஒரு மாதம் அடக்கமாக இருந்தான், அதுவே எங்களுக்குப் பெரிய லாபம்.

9 ஆகஸ்ட்

இலவச இடம் பற்றிப் பெரம்பூர்த் தங்கச்சி கேட்டிருக்கிறாள் (இனிமேல் தங்கச்சிதான், வயது சொல்லிவிட்டாள்). 999 வைத்துவிட்டு, முடியாதவர்களுக்கு மட்டும் இலவசம் என்று வைக்கலாமா என்கிறாள்.

நான் நான்கு பேருக்கு அப்படிக் கொடுத்தேன். அவர்கள்தான் முதலில் போனார்கள். ஒருத்தி எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்கிறவள், வகுப்பில் எல்லோரையும்விட நன்றாகக் குனிவாள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "ஓசில வர்றவ கேள்வி கேக்கக் கூடாதுக்கா. எனக்கு முட்டி வலிச்சுது, சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு." இரண்டு வாரம் வலியோடு செய்துவிட்டு நின்றுவிட்டாள். நான் அவளிடம் காசு வாங்கவில்லை, சரி. அவள் வாயையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு மூன்று விலை: 100, 300, 600. வகுப்பு ஒன்றே. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், காரணம் கேட்க மாட்டேன், சம்பளச் சான்று கிடையாது. மதுரையில் 1976இல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையில் இப்படித்தான். காசு கட்டுகிற பக்கமா, இலவசப் பக்கமா என்று நோயாளியே முடிவு செய்கிறார். வசதி உள்ளவர்கள் எல்லாம் ஓசிப் பக்கம் ஓடிவிடுவார்கள் என்று பயந்தேன். இன்றைய கணக்கு: 58 பேரில் 100 கட்டுகிறவர்கள் 9, 300 கட்டுகிறவர்கள் 38, 600 கட்டுகிறவர்கள் 11. மாதம் 18,900.

முட்டிவலிக்காரி 100 கட்டுகிறாள். இப்போது என்னை ஒரு பாடு திட்டுகிறாள்.

10 ஆகஸ்ட்

"100 ரூபாய்க்கும் இலவசத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்டவருக்கு: 2013இல் அம்மா உணவகத்தில் இட்லிக்கு 1 ரூபாய் வைத்தார்கள். அதைச் சும்மாவே கொடுத்திருக்கலாம். அந்த ஒரு ரூபாயை நீட்டுகிறவர் "சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று அதட்டிக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

24 ஆகஸ்ட்

அரவிந்தை இழுத்தது தப்போ என்று தோன்றுகிறது. அங்கே காசு கட்டுகிறவர்களுக்குத் தனி அறை மாதிரி வசதி உண்டு, சிகிச்சை ஒன்றுதான். என் 600 ரூபாய்க்காரர்களுக்கு நான் என்ன கொடுப்பது? நடுவில் ஒரு மேதாவித்தனம் செய்தேன். வகுப்பின் ரெக்கார்டிங் 600க்கு மட்டும் என்றேன். பதினோரு பேரும் பார்க்கவே இல்லை, அவர்கள் நேரிலேயே வருகிறவர்கள். ரெக்கார்டிங் வேண்டியிருந்தது 100 கட்டுகிற ஒரு நர்ஸுக்கு, வாரத்தில் மூன்று நாள் இரவுப் பணி. இரண்டே வாரத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டேன். 600 கட்டுகிறவர்களுக்கு இப்போது எதுவும் கூடுதலாகக் கிடையாது. ஏன் கட்டுகிறீர்கள் என்று ஒருவரைக் கேட்டேன். "பார்க்கிங்குக்கே மாசம் அவ்வளவு ஆகுதும்மா" என்றார்.

7 செப்டம்பர்

விலையைப் பற்றியே பேசுகிறோம். வருகை எதனால் கூடியது என்று நான் இன்னும் சொல்லவே இல்லை.

2024 பொங்கலுக்குப் பிறகு ஆட்களைப் பன்னிரண்டு பேர் குழுவாகப் பிரித்தேன். ஒவ்வொரு வாரமும் ஒருத்தர் பொறுப்பு. 5.25க்கு இணைப்பைத் திறக்க வேண்டும், முடிந்ததும் வராதவர்களுக்கு ஒரே ஒரு வரி அனுப்ப வேண்டும்: "இன்னைக்குக் காணோமே?" அவ்வளவுதான். திட்டக் கூடாது, அறிவுரை கூடாது, பூ படம் போட்ட காலை வணக்கம் கண்டிப்பாகக் கூடாது.

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடக்கிற பெரியவர்களைப் பார்த்துத் திருடிய யோசனை. என் மாமனார் அங்கே பத்து வருடம் நடந்தார். கட்டணம் கிடையாது, சங்கம் கிடையாது. இரண்டு நாள் போகாவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போன் வந்துவிடும். அந்தப் போனுக்குப் பயந்தே மழையில் குடையோடு போவார்.

58இல் இப்போது தினமும் 34, 35 பேர். பொறுப்பில் இருக்கிற வாரத்தில் ஒருத்தரும் மட்டம் போட்டதில்லை. விலையை மாற்றி மாற்றி நான்கு வருடத்தில் இது கிடைக்கவில்லை.

8 செப்டம்பர்

"அப்படியென்றால் நகைச்சீட்டு மாதிரி 11 மாதம் கட்டினால் 12ஆம் மாதம் இலவசம் என்று வையுங்களேன்" என்கிறார் வேளச்சேரி சார். சார், தெருவில் சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் யாராவது தவணை தவறுகிறார்களா? கடைசியில் வருகிற லாபத்துக்காகவா கட்டுகிறார்கள்? சாயங்காலம் அவள் வாசலில் வந்து நிற்பாள். ஜூமில் வாசல் இல்லை. அதைத்தான் "காணோமே" என்று ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறேன்.

24 செப்டம்பர்

நேற்று முன்தினத்திலிருந்து ஜிம், யோகா நிலையம், சலூன் இவற்றுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. ஆனால் நிலையத்துக்காக வாங்குகிற பொருளுக்குக் கட்டிய வரியை இதில் கழித்துக்கொள்ள முடியாது. "கட்டணத்தைக் குறைப்பீர்களா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால்தான் நம்மைப் போன்றவர்கள் பதிவே செய்ய வேண்டும். என் வரவு இரண்டேகால் லட்சம். வாங்காத வரியில் எதைக் குறைப்பது? ஆனால் 2020இலிருந்து யு.பி.ஐ.யில் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்பது எனக்குப் பெரிய உதவி. 100 ரூபாய் அனுப்பினால் 100 ரூபாய் வந்து சேருகிறது. இல்லாவிட்டால் 100 என்ற விலையையே வைத்திருக்க முடியாது.

12 அக்டோபர்

கொஞ்சம் திசை மாறுகிறேன். விலை ரொம்ப மலிவாக இருக்கிற சில குழுக்களில் எட்டிப் பார்த்தேன். மாதம் 99. முதல் வாரம் மூச்சுப் பயிற்சி. இரண்டாவது வாரம் "உங்கள் உடலில் நச்சு சேர்ந்திருக்கிறது". மூன்றாவது வாரம் டப்பா வருகிறது, 4,000 ரூபாய் பவுடர். நான்காவது வாரம் நீங்களே பவுடர் விற்கலாம் என்கிறார்கள். சர்க்கரைக்காரி ஒருத்தி அங்கே இருந்துவிட்டு என்னிடம் வந்தாள். மாத்திரையைக் குறைக்கச் சொன்னார்களாம். முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன்.

கட்டணம் நடத்துகிறவரின் வயிற்றுக்குப் போதவில்லையென்றால் காசு வேறு வழியில் உள்ளே வரும். தங்கச்சி, உன் 199ஐ நான் குறைவு என்று சொல்வது ஈடுபாட்டுக்காக இல்லை, உனக்காக. 14,726இல் ஜூம், நெட், போன் போக மிச்சம் என்ன? உன் வேலை நேரத்தை எழுதி வகுத்துப் பார்.

13 அக்டோபர்

வகுத்துப் பார்த்தாளாம். எங்கள் வீட்டு வேலை செய்கிறவள் வாங்குவதைவிடக் குறைவாக வந்ததாம். சிரிப்பு முகம் போட்டிருக்கிறாள், ஆனால் சிரிக்கவில்லை என்று தெரிகிறது.

19 அக்டோபர்

"காணோமே"யில் ஒரு சிக்கல். ஒருத்தர் விலகிவிட்டார். "பள்ளிக்கூட வருகைப்பதிவு மாதிரி இருக்கு, நான் 52 வயசு" என்று எழுதினார். இன்னொருத்தியின் கணவருக்குக் காலை 6.20க்குப் போன் கிணுகிணுத்தால் கோபம் வருகிறதாம். போன மாதம் அதை ஏதோ கண்டுபிடிப்பு மாதிரி எழுதியிருந்தேன், அதைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன். இப்போது சேரும்போதே கேட்டுவிடுகிறேன்: வராவிட்டால் தேடட்டுமா, வேண்டாமா? 58இல் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். அந்த ஏழில் ஐந்து பேர் ஒழுங்காக வருகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2 நவம்பர்

ஜூன் மாதமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நேற்றுதான் தங்கச்சியிடம் கேட்டேன். "உன் வகுப்பு எத்தனை மணிக்கு?"

காலை 6.30!

பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கிற வீட்டில் 6.30 மணி என்றால் என்ன? ஒரு அடுப்பில் இட்லி, ஒரு அடுப்பில் மதியச் சோற்றுக்கு உலை, குழாயில் தண்ணீர் வருகிற நேரம், யூனிஃபார்ம் ஒரு பக்கம் காணவில்லை. முதுகுவலி, சர்க்கரை உள்ள பெண்கள் என்று தேடித்தேடிச் சேர்த்துவிட்டு, அந்தப் பெண்களால் உட்காரவே முடியாத ஒரே நேரத்தில் வகுப்பு வைத்திருக்கிறாள். 999க்கு வந்த பத்துப் பேர் யார் என்று கேட்டேன். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டவர்கள், சமையலுக்கு ஆள் உள்ளவர்கள். அவர்கள் காசு வலித்து வரவில்லை. காலையில் கை காலியாக இருந்தது, வந்தார்கள்.

நாமும் ஐந்து மாதம் விலையை ஏற்றி இறக்கி, இஸ்ரேல், கென்யா எல்லாம் போய்விட்டு வந்திருக்கிறோம்.

இது எனக்கும் சுருக்கென்று இருக்கிறது. என் 5.30 வகுப்பு யாருக்கு ஒத்துவருகிறது? சீக்கிரம் படுக்கிறவர்களுக்கு. அதற்கு ஒத்துவராதவர்களை "ஈடுபாடு இல்லை" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

23 நவம்பர்

பெரம்பூரிலிருந்து: மதியம் 2.15க்கு மாற்றிவிட்டாள். பிள்ளைகள் பள்ளியில், வேலை முடிந்து ஒரு மூச்சு விடுகிற நேரம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பதால் மதியச் சாப்பாட்டைப் 12 மணிக்கு முன்னால் முடிக்கச் சொல்லியிருக்கிறாள். விலை 250, முடியாதவர்களுக்கு 100, கேள்வி கிடையாது. 74 பேர் 41 ஆகிவிட்டார்கள். தினமும் வருகிறவர்கள் 26. பழைய ஏழு பேரில் நான்கு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். மதியத்தில் அவர்களுக்குத் தூக்கம்.

அந்த நான்கு பேரையும் என்னிடம் அனுப்பு என்றேன். இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தர் 600 கட்டுகிறார், மற்றவர் 100. யார் எது என்று ஊகித்தேன், தப்பாகிவிட்டது.

21 டிசம்பர்

மார்கழி பிறந்து ஆறு நாள். 5.30க்குப் பாதிப் பேர் கோயிலில், மீதிப் பேர் வாசலில் கோலம். ஆஞ்சநேயர் கோயில் ஒலிபெருக்கி என் மைக் வழியாக எல்லோர் வீட்டிலும் கேட்கிறது. "காணோமே"யை இந்த மாதம் மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். பெருமாளோடு போட்டி போட நான் யார்.

இந்த மாதக் கட்டணத்தை என்ன செய்வது என்று குழுவில் கேட்டேன். வகுப்பு நடக்கத்தான் செய்கிறது, வராதது அவரவர் பாடு என்று சிலர். பாதி வாங்குங்கள் என்று சிலர். 600 ரூபாய்க்காரர் ஒருவர் சர்க்கரைப் பொங்கல் அனுப்புகிறேன், கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். முழுக் கட்டணமே வாங்கிவிட்டேன். பொங்கல் தனியாக வந்தது, நன்றாக இருந்தது, நெய் கொஞ்சம் குறைவு.

5 ஜனவரி 2026

புத்தாண்டுக் கூட்டம் வந்துவிட்டது, பதினாறு பேர். தை பிறக்கட்டும், அப்புறம் எண்ணலாம்.

நேற்று இரவு முட்டிவலிக்காரி கூப்பிட்டாள். பத்து நாளாக வகுப்புக்கு வரவில்லை, கோலமும் வேலையும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹலோ என்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"என்னக்கா, பத்து நாளா நான் வரல, ஒருத்தரும் தேடலயே?"

மார்கழி என்று நிறுத்தி வைத்திருக்கிறோம், குழுவில் போட்டிருந்தேனே என்றேன்.

"அதெல்லாம் நான் படிக்கல. மாசம் நூறு ரூபா கட்டுறேன், எங்க போயிட்டேன்னு கேக்க மாட்டீங்களா?"